நிலைத்த மகிழ்ச்சியும் ‘இரு’ என்னும் வினையும்: சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் வழங்கும் இரு விவிலியங்கள் குறித்த ஒரு திறனாய்வு

1. முன்னுரை

நிலைத்த மகிழ்ச்சி என்பது கிறித்தவ நம்பிக்கையின் மையக் கருத்துகளுள் ஒன்று. சூழல் இனிதாக அமைவதால் தோன்றி, சூழல் மாறியதும் மறையும் மகிழ்ச்சியினின்றும் இதனைப் புதிய ஏற்பாட்டு நூல்கள் வேறுபடுத்திக் காட்டுகின்றன. பவுல் காவலில் இருந்தபோது எழுதிய பிலிப்பியர் மடலிலேயே மகிழ்ச்சி பற்றிய குறிப்புகள் செறிந்து காணப்படுவது இதற்குத் தக்க சான்றாகும். இறையியலார் இக்கருத்தைப் பலவாறு விளக்கியுள்ளனர். மொழிபெயர்ப்பாளரை நோக்கி எழும் கேள்வி சற்று வேறானது. மகிழ்ச்சியைக் குறிக்கும் சொற்கள் எம்மொழியிலும் பெரும்பாலும் வந்து போகும் உணர்வையே குறிக்கின்றன. அவ்வாறாயின், நீங்காத மகிழ்ச்சியைச் சொல்ல வேண்டிய இடத்தில் மொழிபெயர்ப்பாளர் எதனைக் கருவியாகக் கொள்வது? ‘பேரின்பம்’, ‘ஆனந்தம்’ போன்ற உயர்ந்த பெயர்ச்சொல்லையா? ‘நித்திய’ போன்ற அடைமொழியையா? அன்றி இலக்கண அமைப்பையா?

இக்கட்டுரை இவ்வினாவைத் தமிழ், தெலுங்கு விவிலியங்களின் சில பகுதிகளை ஒப்புநோக்கி ஆராய முற்படுகிறது. தமிழில் மகிழ்ச்சியின் நிலைபேற்றைச் சுமப்பது பெயர்ச்சொல் அன்று. ‘இரு’ என்னும் வினையும் ‘-உக்குள்’ என்னும் இட உருபுமே என்பது இதன் முடிபு. இம்முடிபு சொல்லாராய்ச்சியோடு நின்றுவிடுவதன்று. துயரில் இருப்பவர் ஒருவர் இப்பகுதிகளைப் படிக்கும்போது, மகிழுமாறு கட்டளையிடப்படுவதாக உணர்கிறாரா, மகிழ்ச்சியில் தங்கியிருக்க இடம் தரப்படுவதாக உணர்கிறாரா என்பது இவ்வமைப்பைப் பொறுத்தே அமைகிறது.

2. வட்டாரமும் நூல்களும்

ஒப்பீட்டுக்குச் சித்தூர், திருப்பதி வட்டாரத்தைக் களமாகக் கொண்டதற்குக் காரணம் உண்டு. தொல்காப்பியப் பாயிரம் தமிழ் வழங்கும் நிலத்தின் வட எல்லையாக வேங்கடத்தைக் குறிக்கிறது. அவ்வெல்லை இன்றளவும் கோடாக அன்றிப் பரப்பாகவே உள்ளது. வடஆர்க்காடு, கடப்பை மாவட்டங்களின் பகுதிகளைக் கொண்டு 1911இல் சித்தூர் மாவட்டம் அமைக்கப்பட்டது. 1960இல் திருத்தணி தமிழ்நாட்டோடு இணைந்தது. 2022இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. ஆட்சி எல்லைகள் இவ்வாறு மாறிவந்த போதிலும், சித்தூர், நகரி, புத்தூர், குப்பம் முதலிய ஊர்களில் தமிழும் தெலுங்கும் அருகருகே வழங்கி வருகின்றன. 1997இல் திராவிடப் பல்கலைக்கழகம் குப்பத்தில் நிறுவப்பட்டது இச்சூழலுக்குப் பொருத்தமானதே.

கிறித்தவப் பணியும் இவ்வட்டாரத்தில் இருமொழிப் பணியாகவே நடைபெற்றது. அமெரிக்கச் சீர்திருத்தத் திருச்சபையின் சார்பில் ஸ்கடர் சகோதரர்கள் 1853இல் அமைத்த ஆர்க்காட்டு மிஷனின் தொடக்க காலத் தளங்களுள் சித்தூர் ஒன்று. அம்மிஷனைச் சேர்ந்த ஜேக்கப் சேம்பர்லைன் (1835-1908) மதனப்பள்ளியில் தங்கித் தெலுங்கில் பணியாற்றியதோடு, தெலுங்கு விவிலியத் திருத்தக் குழுவின் தலைவராகவும் விளங்கினார். ஜெர்மனியின் ஹெர்மன்ஸ்பர்க் மிஷன் 1865 முதல் இப்பகுதியின் தெலுங்கு மக்களிடையே பணியாற்றியது. திருப்பதி அதன் தளங்களுள் ஒன்றாயிற்று. இன்னும் முற்பட்ட தொடர்பும் உண்டு. சீகன்பால்கு தொடங்கிய தமிழ்ப் பழைய ஏற்பாட்டை நிறைவு செய்த பெஞ்சமின் ஷுல்ட்சே, பின்னர்ச் சென்னையில் தங்கித் தெலுங்கிலும் விவிலியத்தை மொழிபெயர்த்தார். அம்மொழிபெயர்ப்பு அச்சேறவில்லை எனினும், இரு மொழி விவிலியங்களின் வரலாறும் ஒருவர் கையில் சந்தித்தது நினைவிற் கொள்ளத்தக்கது.

இங்கு ஒப்பிடப்பெறும் நூல்கள் மூன்று. முதலாவது, ஹென்றி பவர் தலைமையில் உருவாகி 1871இல் முழுமையாக வெளிவந்து, ‘பரிசுத்த வேதாகமம்’ என்னும் பெயரில் சீர்திருத்தச் சபைகளில் இன்றும் வழங்கும் பழைய திருப்புதல். இரண்டாவது, தெலுங்குச் சபைகளில் பரவலாக வழங்கும் ‘பரிசுத்த கிரந்தமு’. மூன்றாவது, கத்தோலிக்கரும் பிற சபையினரும் இணைந்து உருவாக்கி 1995இல் வெளியிட்ட ‘திருவிவிலியம்’ எனும் பொது மொழிபெயர்ப்பு. ஒரே குடும்பத்தில் ஒருவர் தமிழ் நூலையும் மற்றவர் தெலுங்கு நூலையும் கையாள்வது இவ்வட்டாரத்தில் வியப்புக்குரியதன்று. அத்தகைய இருமொழியாளர்க்கு இவ்வொப்பீடு ஆய்வாளரின் செயற்கை முயற்சியன்று. அன்றாட வாசிப்பின் பகுதியே.

3. பெயர்ச்சொற்களின் பொருட்புலம்

கிரேக்க மூலத்தில் ‘கரா’ என்னும் பெயரும் ‘கைரோ’ என்னும் வினையும் மகிழ்ச்சியைக் குறிக்கும் அடிப்படைச் சொற்கள். இவற்றுக்குப் பழைய திருப்புதல் புதிய ஏற்பாட்டு உரைநடையில் பெரும்பாலும் ‘சந்தோஷம்’ என்னும் சொல்லையே ஆள்கிறது. திருவிவிலியம் ‘மகிழ்ச்சி’ என்கிறது. தெலுங்கு ‘சந்தோஷமு’, ‘ஆனந்தமு’ என்னும் இரண்டையும் மாற்றி மாற்றிக் கையாளுகிறது.

சந்தோஷம் என்னும் வடசொல் நிறைவுறுதலைக் குறிக்கும் ‘துஷ்’ என்னும் வேரடியாகப் பிறந்தது. பதஞ்சலியின் யோக நூலில் இது நியமங்களுள் ஒன்று. உள்ளதைக் கொண்டு அமைதலே அங்கு அதன் பொருள். இப்பொருள் இன்றைய தமிழ்ப் பேச்சுவழக்கில் பின்தள்ளப்பட்டு, சந்தோஷம் என்பது எளிய அன்றாட மகிழ்ச்சியைக் குறிப்பதாயிற்று. ஆகவே, ‘உள்ளது போதும்’ என்னும் மனநிலையைக் கூறும் பிலிப்பியர் 4:11இல் பழைய திருப்புதல் வேறு சொல்லைத் தேட நேர்ந்தது. அது கண்ட சொல் ‘மனரம்மியம்’. தெலுங்கு ‘சந்த்ருப்தி’ என்றும் திருவிவிலியம் ‘மனநிறைவு’ என்றும் கூறுகின்றன. சந்தோஷம் என்னும் சொல் தன் பழம்பொருளில் நின்றிருக்குமாயின் அதுவே இவ்விடத்துக்குப் போதியதாக இருந்திருக்கும்.

சந்தோஷம் வடசொல் ஆதலின் தள்ளத்தக்கது, மகிழ்ச்சி தமிழ்ச்சொல் ஆதலின் கொள்ளத்தக்கது என்னும் வாதம் மொழிபெயர்ப்புத் துறையில் பலகாலும் எழுவது. சொல்லின் பிறப்பை மட்டும் நோக்கும் இவ்வாதம் பொருள் வரலாற்றை நோக்குவதில்லை. பண்டைத் தமிழில் ‘மகிழ்’ என்பது கள்ளையும் கள்ளுண்ட களிப்பையும் குறிக்கும். ‘களி’ என்பதும் அத்தகையதே. இவ்விரு வினையடிகளையும் கள்ளையும் காமத்தையும் ஒப்பிடும் ஒரே குறளில் (1281) வள்ளுவர் ஆளுகிறார். கள்ளுண்ணாமை அதிகாரத்திலும் ‘களி’ குடிமயக்கத்தோடு தொடர்புடையதாகவே வருகிறது. பழைய திருப்புதல் மிகுந்த மகிழ்ச்சியைக் குறிக்க ஆளும் ‘களிகூர்’ என்னும் வினையில் இவ்வடியே உள்ளது. மயக்கம் தெளிந்ததும் மறைவது களிப்பு. எனவே தமிழ் வேர்ச்சொல் என்னும் தகுதி ஒன்றே நிலைபேற்றைத் தந்துவிடாது. இன்றைய பயனாளர் இப்பொருளை உணர்வதில்லை என்பது உண்மை. ஆயின், சந்தோஷத்தின் பழம்பொருளையும் அவர் உணர்வதில்லை. வழக்கைக் கொண்டு நோக்கின் இரண்டும் இணையான அன்றாடச் சொற்களே.

‘உவகை’ என்னும் சொல்லையும் இங்குக் கருதலாம். திருவிவிலியம் மத்தேயு 5:12இலும் லூக்கா 1:47இலும் ‘பேருவகை’ என்னும் சொல்லை ஆளுகிறது. மெய்ப்பாட்டியலில் தொல்காப்பியர் உவகைக்குச் செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு என நிலைக்களன் நான்கு கூறுகிறார். மகிழ்ச்சிக்குக் காரணம் உண்டு, காரணத்தைப் பொறுத்தே அது தோன்றும் என்னும் தெளிவான உளவியல் நோக்கு இதில் காணப்படுகிறது. செல்வமும் இல்லை, கூட்டமும் இல்லை, விளையாட்டும் இல்லை என்னும் நிலையில் ஒருவன் மகிழ்வதாகக் கூறினால் அம்மகிழ்ச்சிக்கு நிலைக்களன் யாது? ஆபகூக்கு நூலின் இறுதிப் பகுதி (3:17, 18) இவ்வினாவையே எழுப்புகிறது. அத்தி பூக்காமலும், திராட்சை பழுக்காமலும், வயல் விளையாமலும், தொழுவில் மாடு இல்லாமலும் போன நிலையை ஒன்றன்பின் ஒன்றாகக் கூறி, அதன்பின் மகிழ்ச்சியைப் பேசுகிறது அப்பகுதி. தாது வருடப் பஞ்சம் (1876-78) வடஆர்க்காட்டையும் கடப்பையையும் வாட்டிய வரலாற்றையும், மழை பொய்த்தால் ஏரியும் கடலைக் கொல்லையும் காய்ந்துபோகும் இவ்வட்டாரத்தின் வேளாண்மையையும் அறிந்தவர்க்கு அப்பட்டியல் அயலானதன்று. இங்குப் பழைய திருப்புதல் தேர்ந்த முதல் வினை ‘மகிழ்ச்சியாயிரு’ என்பது. பெயர்ச்சொல் அன்றாடச் சொல்லே. அதனோடு ‘ஆய்’, ‘இரு’ என்பன சேர்ந்துள்ளமையே நோக்கத்தக்கது.

4. ஆனந்தமும் பேரின்பமும்

நிலைத்த மகிழ்ச்சிக்கு ஏன் ‘ஆனந்தம்’ என்னும் சொல்லை எங்கும் ஆளக்கூடாது என்று வினவலாம். தைத்திரீய உபநிடதம் முதல் சைவ சித்தாந்த நூல்கள் வரை, அழியாத இன்பத்தைக் குறிக்கும் சொல்லாக இது நிலைபெற்றுள்ளது. திருமலைக் கோயிலின் கருவறை மேலுள்ள விமானத்துக்கே ‘ஆனந்த நிலையம்’ என்று பெயர். திருப்பதியில் வாழும் எச்சமயத்தவர்க்கும் இச்சொல் செவிக்குப் பழகியது.

தெலுங்கு மொழிபெயர்ப்பு இச்சொல்லைத் தயக்கமின்றி ஏற்றுள்ளது. ஏசாயா 35:10இல் மீட்கப்பட்டோர் தலைமேல் விளங்குவது தெலுங்கில் ‘நித்யானந்தமு’. அதே இடத்தில் பழைய திருப்புதல் ‘நித்திய மகிழ்ச்சி’ என்கிறது. பிலிப்பியர் 4:4இல் தெலுங்கு வினை ‘ஆனந்திஞ்சுடி’, தமிழில் ‘சந்தோஷமாயிருங்கள்’. இவற்றைக் கொண்டு, தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் சைவ, வைணவத் தொடர்பு கருதி ஆனந்தத்தைத் தவிர்த்தனர் என்று முடிவு கட்டினால் அது பிழையாகும். சங்கீதம் 16:11இல் நிலை தலைகீழாக உள்ளது. அங்குப் பழைய திருப்புதல் ‘ஆனந்தம்’, ‘பேரின்பம்’ என்னும் இரண்டையும் ஒருங்கே ஆளுகிறது. தெலுங்கோ ‘சந்தோஷமு’, ‘சுகமுலு’ என்னும் எளிய சொற்களோடு அமைகிறது.

இவ்வேறுபாட்டுக்குச் சமயத் தயக்கத்தைக் காட்டிலும் இலக்கிய வகையே பொருத்தமான விளக்கம் எனத் தோன்றுகிறது. சங்கீதமும் ஏசாயாவும் செய்யுள். இறைவன் திருமுன் அடையும் முடிந்த முடிபான நிலையைப் பாடும் சங்கீதத்துக்குத் தமிழ்ப் பத்தி மரபின் உச்சச் சொற்கள் இயல்பாகப் பொருந்துகின்றன. மடல்கள் உரைநடை, அன்றாட வாழ்வில் கடைப்பிடிக்க வேண்டியவற்றைக் கூறுவன. அங்குப் பேரின்பத்தில் இருக்குமாறு பணித்தால், அது துறவிக்கும் சித்தருக்கும் உரியதாகி, குடும்பத்தார்க்கும் உழைப்பாளர்க்கும் எட்டாததாகிவிடும். பேரின்பம் என்னும் சொல் சிற்றின்பம் என்னும் எதிர்ச்சொல்லையும் உடன் அழைத்து வருவது. உலக வாழ்வை விட்டு மேலேறும் பொருள் அதனுள் அடங்கியுள்ளது. பவுல் கூறும் மகிழ்ச்சியோ பசியோடும் நிறைவோடும், குறைவோடும் மிகுதியோடும் உடன் இருப்பது. ஆகவே மடல்களில் எளிய சொல்லைத் தேர்ந்தது குறையன்று; நுண்ணறிவே எனலாம்.

இருமொழியாளர் இங்கு எதிர்கொள்ளும் இடர் ஒன்றையும் சுட்டுதல் வேண்டும். இரு மொழிக்கும் பொதுவான வடசொல் இரு மொழியிலும் ஒரே பொருளில் நிற்பதில்லை. கலாத்தியர் 5:22இல் மகிழ்ச்சியை அடுத்து வரும் சொல் தமிழில் ‘சமாதானம்’, தெலுங்கில் ‘சமாதானமு’. தெலுங்கின் அன்றாட வழக்கில் இச்சொல்லுக்கு ‘விடை’ என்பதே முதற்பொருள். பூசலற்ற அமைதிக்கு ‘சாந்தி’ என்பதே இயல்பான சொல். தமிழிலும் ‘சமாதானம் சொல்லுதல்’ என்னும் வழக்கில் விடையளித்தல் என்னும் பொருளின் சாயல் உண்டு. ஆயினும், தனித்து நிற்கும்போது தமிழர்க்கு அது அமைதியையே குறிக்கும். அகராதி தொகுப்போரும், ஒரு மொழி நூலைத் துணையாகக் கொண்டு மறுமொழியில் பெயர்ப்போரும் சொல்லொற்றுமையைப் பொருளொற்றுமையாகக் கருதிவிடலாகாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

5. ‘படு’வும் ‘இரு’வும்

பழைய திருப்புதலில் சந்தோஷம் என்னும் பெயரை வினையாக்க முதன்மையாக இரண்டு வழிகள் ஆளப்பட்டுள்ளன. ஒன்று ‘படு’ என்னும் துணைவினை. மற்றது ‘ஆய்’ என்னும் உருபோடு ‘இரு’. ‘படு’ ஒரு நிகழ்வுக்கு ஆளாதலைக் குறிப்பது: கோபப்படு, வெட்கப்படு, துக்கப்படு. உணர்வு வருகிறது, வந்தவனைப் பற்றுகிறது, அதற்குத் தொடக்கமும் முடிவும் உண்டு. ‘ஆயிரு’ நிலையைக் குறிப்பது: நலமாயிரு, விழிப்பாயிரு. அதற்குத் தொடக்கம் சுட்டப்படுவதில்லை, நீட்சியே சுட்டப்படுகிறது.

பிலிப்பியர் மடலில் இவ்விரண்டும் எதிரெதிராக நிற்பதைக் காணலாம். 3:1இலும் 4:4இலும் கிரேக்க ஏவல் வினை ஒன்றே: ‘கைரெத்தெ’. உடன் வரும் தொடரும் ஒன்றே. வேறுபாடு, 4:4இல் ‘எப்பொழுதும்’ என்னும் பொருள்தரும் வினையடை உள்ளது, 3:1இல் இல்லை. பழைய திருப்புதல் 3:1இல் ‘சந்தோஷப்படுங்கள்’ என்றும், 4:4இல் ‘சந்தோஷமாயிருங்கள்’ என்றும் பெயர்த்துள்ளது. மத்தேயு 5:12இலும் மூலத்தில் இதே ஏவல். பழிக்கப்படும் வேளை என்னும் குறிப்பிட்ட சூழல் அங்குக் கூறப்படுகிறது. அங்கும் ‘படு’வே வருகிறது. ‘எப்பொழுதும்’ என்னும் சொல் மீண்டும் வரும் 1 தெசலோனிக்கேயர் 5:16இல் மீண்டும் ‘ஆயிரு’. சூழல் சுட்டப்படும் இடத்தில் நிகழ்வு வினை, காலவரையறை நீக்கப்படும் இடத்தில் நிலை வினை என்னும் ஒழுங்கை இவ்விடங்களில் காண்கிறோம். மொழிபெயர்ப்பாளர் விதி வகுத்துக்கொண்டு இதனைச் செய்தனரா, மொழியுணர்வால் செய்தனரா என்பது முதன்மையன்று. பனுவலில் வேறுபாடு உள்ளது. படிப்பவர் அதனை உணர்கிறார்.

தெலுங்கு நூல் 3:1, 4:4 இரண்டிலும் ‘ஆனந்திஞ்சுடி’ என்னும் ஒரே வினையை ஆளுகிறது. மூலத்தின் சொல்லொருமை இதனால் காக்கப்படுகிறது. நிகழ்வுக்கும் நிலைக்குமான வேறுபாடு காட்டப்படவில்லை. ஆயின் 1 தெசலோனிக்கேயர் 5:16இல் தெலுங்கும் ‘சந்தோஷமுகா உண்டுடி’ என நிலை வினைக்கு மாறுகிறது. திருவிவிலியமும் இவ்வாறே பிலிப்பியர் 4:4இல் ‘மகிழுங்கள்’ என்றும், தெசலோனிக்கேயர் மடலில் ‘மகிழ்ச்சியாக இருங்கள்’ என்றும் பெயர்க்கிறது. பிலிப்பியர் 4:4இல் ஏவல் மறுபடியும் கூறப்படுவதால் சுருங்கிய வினை ஓசைக்கு ஏற்றது எனக் கருதியிருக்கலாம். ஓசை பெற்றது உண்மை, இழப்பும் உண்டு. ‘எப்பொழுதும் மகிழ்’ என்பதில் வினையடை மட்டுமே நீட்சியைச் சுமக்கிறது. ‘எப்பொழுதும் சந்தோஷமாயிரு’ என்பதில் வினையடையும் வினையும் ஒன்றையொன்று தாங்குகின்றன. முன்னது இடைவிடாத செயலைக் கோருவது போல் ஒலிக்கிறது. பின்னது ஒரு நிலையை விட்டு நீங்காதிருக்கச் சொல்கிறது. இடைவிடாது மகிழ யாராலும் இயலாது. மகிழ்ச்சியில் நிலைத்திருந்து, இடையே அழவும் இயலும்.

6. பாட வேறுபாடும் ‘இரு’வின் பொருட்பரப்பும்

யோவான் 15:11 நிலைத்த மகிழ்ச்சி பற்றிய முதன்மையான இடம். இயேசு தம் மகிழ்ச்சி சீடரிடம் இருத்தல் வேண்டும் என்று கூறும் பகுதி அது. இங்குக் கிரேக்கப் படிகளில் வேறுபாடு உண்டு. சில படிகளில் ‘மெனோ’ (தங்கு, நிலைத்திரு) என்னும் வினையின் வடிவமும், வேறு சிலவற்றில் ‘இரு’ என்னும் பொருள்தரும் எளிய வினையின் வடிவமும் காணப்படுகின்றன. பழைய திருப்புதல் அக்காலத்தில் பொதுவாக ஏற்கப்பட்டிருந்த பாடத்துக்கு இசைய ‘நிலைத்திரு’ என்னும் வினையை ஆளுகிறது. பிற்காலப் பதிப்பாசிரியர் பெரும்பாலும் ஏற்பது இரண்டாவது பாடத்தையே. திருவிவிலியம் அதனைப் பின்பற்றி ‘இருக்கவும்’ என்கிறது. தெலுங்கு நூலிலும் ‘உண்டு’ என்னும் இருத்தல் வினையே காணப்படுகிறது.

நிலைபேறு என்னும் கருத்தே ஒரு பாடத்தைப் பொறுத்து நிற்கிறது போலத் தோன்றும் இவ்விடத்தில், திராவிட மொழிகளின் இயல்பு துணை செய்கிறது. தமிழ் ‘இரு’, தெலுங்கு ‘உண்டு’ ஆகிய இரண்டும் உளதாதலையும் தங்குதலையும் ஒருங்கே குறிப்பன. ‘அவர் சித்தூரில் இருக்கிறார்’ என்றால் அவர் அங்கு உள்ளார் என்பதும் அங்குத் தங்கி வாழ்கிறார் என்பதும் பொருளே. புறப்படுபவரை நோக்கி ‘இரு’ என்றால் ‘போகாதே’ என்று பொருள். ஆகவே எப்பாடத்தைக் கொண்டாலும் தமிழ் வாசகர்க்குத் தங்குதல் பொருள் முற்றிலும் நழுவிவிடுவதில்லை. எனினும் ஒரு வேறுபாட்டை மறுத்தற்கில்லை. இதே அதிகாரத்தில் திராட்சைச் செடியில் கொடி நிலைத்திருத்தல் பற்றிய பகுதி முழுவதும் ‘மெனோ’ என்னும் வினை திரும்பத் திரும்ப வருகிறது. பழைய திருப்புதலில் கொடிக்கும் மகிழ்ச்சிக்கும் ‘நிலைத்திரு’ என்னும் ஒரே வினை அமைந்ததால், மகிழ்ச்சியின் நிலைபேறு கொடியின் நிலைபேற்றிலிருந்து கிளைப்பது என்னும் கருத்து கேட்போர் செவியில் தானாகவே அமைகிறது. பாட ஆய்வின் வழி திருவிவிலியம் சரியானதாக இருக்கலாம். பனுவல் இசைவின் வழி பழைய திருப்புதல் வளமானது.

7. இடம், பொருள், துணை

மகிழ்ச்சியைத் தாங்குவது எது என்பதை வினை மட்டும் கூறிவிடாது. உடன் வரும் வேற்றுமைத் தொடரும் கூறும். பிலிப்பியர் மடலில் ‘ஆண்டவரில்’ என்னும் பொருள்படும் கிரேக்கத் தொடரை மூன்று நூல்களும் மூன்று வகையாகப் பெயர்த்துள்ளன. பழைய திருப்புதல் ‘கர்த்தருக்குள்’ என்கிறது, தெலுங்கு ‘பிரபுவுநந்து’, திருவிவிலியம் ‘ஆண்டவரோடு இணைந்து’.

‘-உக்குள்’ என்பது நான்காம் வேற்றுமையோடு ‘உள்’ சேர்ந்த வடிவம். வீட்டுக்குள், பெட்டிக்குள் என அடங்கியிருக்கும் இடத்தைக் குறிப்பது. மனிதரைக் குறிக்கும் பெயரோடு வருங்கால் அவர் மனத்தினுள் என்னும் பொருளையே தருவது பொதுவழக்கு. அவ்வகையில் ‘கர்த்தருக்குள் சந்தோஷம்’ என்பது தொடக்கத்தில் தமிழுக்குப் புதிய ஆட்சியாகவே இருந்திருத்தல் வேண்டும். இன்று அது கிறித்தவத் தமிழில் வேரூன்றிவிட்டது. தெலுங்கின் ‘அந்து’ இடத்தையும் குறிக்கும். பத்தி, தயை முதலியன எவர்பால் செல்கின்றனவோ அவரையும் குறிக்கும். எனவே ‘பிரபுவுநந்து ஆனந்திஞ்சுடி’ என்பதில் ஆண்டவரை மகிழ்ச்சியின் பொருளாகக் கொள்ள இடமுண்டு. திருவிவிலியத்தின் ‘ஓடு’ உருபு ஆண்டவரைத் துணையாக்குகிறது. ‘இணைந்து’ என்னும் வினையெச்சம் மகிழ்தலுக்கு முன் நிகழ வேண்டிய செயலொன்றைச் சேர்க்கிறது.

ஆக, ஆண்டவர் தமிழில் மகிழ்ச்சியின் இடம். தெலுங்கில் மகிழ்ச்சியின் பொருளாகவும் கொள்ளத்தக்கவர். பொது மொழிபெயர்ப்பில் மகிழ்ச்சியின் துணை. தெளிவு என்னும் அளவுகோலால் நோக்கின் மூன்றாவதே சிறந்தது. பயிலாத வாசகர்க்கும் அது விளங்கும். ஆனால் நிலைபேறு என்னும் அளவுகோலால் நோக்கின் முதலாவதே வலிமையுடையது. பொருள் இழக்கப்படலாம், துணையோடு இணைதல் தளரலாம், இடமோ அதனுள் இருப்பவனின் உணர்வைப் பொறுத்து மாறுவதன்று. கிறித்தவக் குடும்பங்களின் இரங்கற் செய்திகளில் ‘கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்’ என்று எழுதும் வழக்கை இங்கு நினைவுகூரலாம். மகிழ்ச்சிக்கு வந்த அதே ‘-உக்குள்’ இறப்புக்கும் வருகிறது. மகிழ்ந்திருந்த இடமும் மறைந்து சேர்ந்த இடமும் ஒன்றே என்பதை அவ்வுருபு விளக்கவுரை ஏதுமின்றி உணர்த்துகிறது. தொல்காப்பியர் கூறிய நிலைக்களன் நான்கனுள் எதுவுமில்லாத மகிழ்ச்சிக்கு நிலைக்களன் யாது என்று முன்னர் எழுப்பிய வினாவுக்கு இவ்வுருபே விடை தருகிறது எனலாம்.

8. ஒரு குறை

பழைய திருப்புதலின் சிறப்பை இதுகாறும் கூறினோம். அதன் குறையொன்றையும் கூறுதல் திறனாய்வுக்குக் கடமை. 2 கொரிந்தியர் 6:10இல் பவுல் துயரையும் மகிழ்ச்சியையும் அருகருகே வைக்கிறார். மூலத்தில் ‘ஹோஸ்’ என்னும் சிறுசொல்லும், துயருறுவோர் என்னும் பெயரெச்சத் தன்மையுள்ள வினையும், அதனை அடுத்து எப்பொழுதும் மகிழ்வோர் என்னும் வினையும் உள்ளன. ‘ஹோஸ்’ என்பது ‘ஆக’ என்னும் பொருளையும் ‘போல’ என்னும் பொருளையும் தரவல்லது. பழைய திருப்புதல் துயர்ப் பகுதிக்கு ‘என்னப்பட்டாலும்’ என்னும் சொல்லைச் சேர்க்கிறது. இதனால், பிறர் அவர்களைத் துயருறுவோர் என்கின்றனர், அவர்களோ உண்மையில் மகிழ்வோர் என்னும் பொருள் பிறக்கிறது. தெலுங்கும் துயருற்றவர் போலிருத்தல் என்னும் பொருள்பட ‘அட்லுண்டியு’ என முடிக்கிறது. துயர் ஒரு நூலில் பிறர் சொல்லாகவும் மற்றொன்றில் தோற்றமாகவும் ஆகிவிடுகிறது.

இதே மடலின் தொடக்கத்தில் தாம் ஆசியாவில் பட்ட வருத்தத்தையும், உயிர்மேல் நம்பிக்கை இழந்த நிலையையும் பவுல் வெளிப்படையாக எழுதுகிறார். அது தோற்றமன்று. ஆகவே 6:10இன் துயரையும் மெய்யாகக் கொள்வதே மடலின் போக்குக்கு ஏற்றது. மேலும், இவ்விடத்தில் ‘எப்பொழுதும்’ என்னும் சொல் இருந்தும், பழைய திருப்புதல் தன் ஒழுங்கைவிட்டு, ‘துக்கப்படு’ என்பதற்கு இணையாகச் ‘சந்தோஷப்படு’ என்கிறது. இரண்டும் நிகழ்வு வினைகள் ஆனமையால் இரண்டும் ஒரே தளத்தில் மோதுகின்றன. ஒன்று மெய்யாயின் மற்றது பொய்யாதல் வேண்டும். அம்மோதலைத் தவிர்க்க ‘என்னப்பட்டாலும்’ தேவைப்படுகிறது. துக்கத்துக்குப் ‘படு’வும் மகிழ்ச்சிக்கு ‘ஆயிரு’வும் அமைந்திருப்பின் மோதலே எழாது. துக்கப்படுகிறவர்களாயினும் எப்பொழுதும் சந்தோஷமாயிருக்கிறவர்கள் என்னும் அமைப்பில் துயர் வந்து தாக்கும் நிகழ்வு. மகிழ்ச்சி தாங்கி நிற்கும் நிலை. இரண்டும் மெய், இரண்டும் ஒருங்கே இயல்வன.

இவ்வேறுபாடு யாருக்காக? மகனை இழந்த தாய் ஒருத்தி இப்பகுதியைக் கேட்பதாகக் கொள்வோம். துயர் வெறும் பெயரே என்று கேட்டால், தன் அழுகை நம்பிக்கைக் குறைவின் அடையாளமோ என அவள் அஞ்ச நேரும். துயரும் மெய், அதனடியில் நீங்காத நிலையொன்றும் மெய் என்று கேட்டால் அவள் அழவும் நம்பவும் இடம் பெறுகிறாள். ஒரு துணைவினையின் தேர்வில் இத்துணையும் அடங்கியுள்ளது.

9. முடிவுரை

மேற்கூறியவற்றால் பெறப்படும் முடிபுகள் வருமாறு. முதலாவதாக, நிலைத்த மகிழ்ச்சியைத் தமிழில் கூற உயர்ந்த பெயர்ச்சொல் இன்றியமையாததன்று. சந்தோஷம், மகிழ்ச்சி ஆகிய எளிய சொற்களுள் எதுவும் போதும். ‘ஆயிரு’ என்னும் நிலை வினையே இன்றியமையாதது. இரண்டாவதாக, ‘ஆனந்தம்’, ‘பேரின்பம்’ என்பன செய்யுட் பகுதிகளுக்கு ஏற்றவை. மடல்களின் உரைநடையில் அவற்றைப் புகுத்துவது மகிழ்ச்சியை அன்றாட வாழ்விலிருந்து அகற்றிவிடும். மூன்றாவதாக, ‘-உக்குள்’ என்னும் உருபு தொடக்கத்தில் அயலானதாக இருந்திருப்பினும் இன்று வேறெந்த வடிவும் சுமக்காத பொருளைச் சுமந்து நிற்கிறது. தெளிவு கருதி அதனைக் கைவிடுவோர் எதனை இழக்கிறோம் என்பதை அறிந்தே கைவிடுதல் வேண்டும். நான்காவதாக, 2 கொரிந்தியர் 6:10 திருத்தத்துக்குரியது. அத்திருத்தத்துக்கு வேண்டிய கருவி பழைய திருப்புதலிலேயே பிலிப்பியர் 4:4இல் உள்ளது.

சித்தூர், திருப்பதி போன்ற இருமொழி வட்டாரங்களில் விவிலியப் பணியில் ஈடுபடுவோர், சொற்பட்டியல்களை மட்டும் ஒப்பிடாது, துணைவினைகளையும் வேற்றுமை உருபுகளையும் ஒப்பிட்டு அட்டவணைப்படுத்துதல் நலம் பயக்கும். ‘சந்தோஷம்’ இரு மொழிக்கும் பொதுவாகக் கிடைத்த சொல். ‘இரு’வும் ‘உண்டு’வும் அவ்வம்மொழி தானே ஈன்றவை. நீங்காதிருத்தலைச் சொல்லும் ஆற்றல் அவற்றிடமே உள்ளது.